அறுபத்து நான்கு சதவீதம்

கிட்வாய் நகர்,
14 ஜூன் 2025

ஹம்சா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். ஒன்பது வருடம் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்துவிட்டு இப்படி ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். மெயில் போட்டால் கம்பெனி வக்கீலுக்கு ஒரு பிரதி போகிறது. ஆகவே ஸ்பீட் போஸ்ட். நான் பத்து நாளாக வீட்டில்தான் இருக்கிறேன். விடுப்பு என்று அதற்கு மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கென்று பார்த்திருக்கும் வக்கீல், நடந்ததைக் கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும் புரியும்படி எழுதிக் கொண்டுவரச் சொன்னார். முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள். என் தப்பைக் கண்டுபிடிப்பது உங்களுக்குப் பிடித்த வேலைதானே.

மே 27, மாலை நாலு மணி. தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பைச் சேர்ந்த ஜோதிலிங்கம், வயது ஐம்பத்தொன்று, துப்புரவு வேலை, நுரையீரலில் சளி கட்டி ஐ.சி.யு.வில் கிடந்தவர். ஸ்கேன் எடுக்கக் கீழே கொண்டுபோகிறார்கள். நாம் செய்த வென்டிலேட்டர் பேட்டரியில் ஓடுகிறது. கூட நர்ஸ் பிரியதர்ஷினி. டிராலியைத் தள்ளுவது அவர் மனைவி அருக்காணி. அந்த ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள்தான் தள்ள வேண்டும். லிஃப்டுக்குள் போனதும் புழுதிப் புயலில் கரண்ட் போய்விட்டது. உள்ளே விளக்கில்லை, மின்விசிறியில்லை. செல்போனை ஐ.சி.யு. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நம் ஸ்க்ரீன் மட்டும்தான் வெளிச்சம். அதில் பேட்டரி 64 சதவீதம்.

பதினோராவது நிமிடம் மெஷின் அணைந்தது. அலாரம் அடிக்கவில்லை. கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை டிராலியின் அடித்தட்டில், சிலிண்டரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கும்மிருட்டில் அதை அவிழ்க்க நாலு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர் போய்விட்டார்.

கம்பெனி சொல்வது இதுதான்: மெஷினின் பதிவேட்டில் கடைசி வரி 64. அவ்வளவு பேட்டரி இருக்கும்போது மெஷின் தானாக அணையாது. ஆகவே நர்ஸ் கைதவறி சுவிட்சை அணைத்துவிட்டாள். அவள்மேல் கேஸ் போட்டாயிற்று.

இனி என் பங்கு. பேட்டரிக்குள் ஒரு சின்ன சிப். அதில் ஓடும் ஃபர்ம்வேர் நீங்கள் எழுதியது. எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று அது சொல்லும். அதைக் கேட்டு ஸ்க்ரீனில் காட்டுவதும் அலாரம் அடிக்கச் சொல்வதும் மெஷினின் முக்கிய மென்பொருளான கெர்னல், அதை எழுதியது நான். 2022-இல் உங்கள் ஃபர்ம்வேரின் 2.3-ஆம் பதிப்பு, நல்ல பேட்டரியைப் பற்றியே திடீரென்று 'பூஜ்யம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. சில சமயம் மறுநொடி சரியாகும், சில சமயம் மறுபடி ப்ளக்கில் சொருகும்வரை பூஜ்யத்திலேயே நிற்கும். அலாரம் கத்திக் கத்தி, நர்ஸுகள் அதன் வாயில் பஞ்சை வைத்து அடைத்தார்கள். நான் பதினோரு வரி எழுதினேன். ஃபர்ம்வேர் 2.3 ஆக இருந்து, எண் ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு விழுந்தால் நம்பாதே, கடைசியாக வந்த நல்ல எண்ணையே காட்டு. 2.4 வந்ததும் அந்த வரிகள் தாமாக ஒதுங்கிவிடும். 2.4 வரவே இல்லை.

என்னை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் லேபில் ஆறு பழைய பேட்டரிகளை ஓட்டிப் பார்த்தேன். ஆறுமே பாதி சார்ஜில் இருந்து ஒரே தாவலில் பூஜ்யம் என்றன. பொய் என்றுதான் நினைத்தேன். பத்துப் பத்து நிமிடத்தில் ஆறும் உண்மையாகவே செத்தன. ஸ்க்ரீன் கடைசிவரை பாதி சார்ஜ் என்றே காட்டியது.

2.3 எப்போதிலிருந்து உண்மை பேசுகிறது, ஹம்சா?

ஜெயசீலன்

*

கோல் மார்க்கெட்,
19 ஜூன் 2025

ஜெயசீலன்,

உங்கள் கவர் அம்மா கையில் கிடைத்தது. இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று கேட்டாள். இன்ஷூரன்ஸ் என்று சொன்னேன். இனிமேல் போடாதீர்கள்.

நான் இந்த வடக்கிலேயே பிறந்தவள். எட்டாம் வகுப்போடு தமிழ் போயிற்று. இந்த ஒரு பக்கம் எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது. அதனால் சுருக்கமாக.

நான் உங்களிடம் சொன்னேன். 2023 ஜனவரி. கேன்டீன். ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ராஜ்மா சாவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். "பூஜ்யம் பிரச்சினை முடிஞ்சாச்சு" என்றேன். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே "அச்சா" என்றீர்கள். அந்த அச்சாவை நான் மறக்கவில்லை.

என் வேலை சிப்பை உண்மை பேச வைப்பது. அது பேசியது. பழசான பேட்டரி பாதி சார்ஜிலேயே திடீரென்று படுத்துவிடும், அதைத்தான் சொன்னது. விபத்துக்கு மறுநாள் மெஷின் லேபுக்கு வந்தபோது, அந்த பேட்டரியை நான்தான் திறந்தேன். சிப்பின் சொந்த நினைவில் மூன்று பதிவு இருந்தது. லிஃப்ட் நின்ற முதல் நிமிடமே பூஜ்யம். பிறகு மறுபடி. பிறகு மறுபடி. பூஜ்யத்துக்கு அப்புறம் பத்து நிமிடம் ஓட சேமிப்பு உண்டு என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் அலாரத்தை அடிக்க விட்டிருந்தால், ஸ்க்ரீன் வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பெண் பையை அவிழ்த்திருப்பாள்.

எல்லோரும் உங்களை சந்தேகப் பிராணி என்று கிண்டல் செய்வோம், ஞாபகம் இருக்கிறதா? எந்த சிப் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். அதற்கு உங்களுக்கு அவார்டு கூட கொடுத்தார்கள். என் சிப் மூன்று தடவை சொன்னது. அதன் வாயைப் பொத்தியது நீங்கள்.

ஹம்சா

*

கிட்வாய் நகர்,
23 ஜூன் 2025

ஹம்சா,

உங்கள் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. திட்டுவதற்குப் போதுமானதாக இருக்கிறது.

கேன்டீனில் நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகமில்லை. சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். நாலாயிரம் மெஷினில் ஓடும் சாமானில் செய்த மாற்றத்தை ராஜ்மா சாவலுக்கு நடுவிலா சொல்வது? என் பதினோரு வரிக்கு ராஜ்மா தெரியாது, ஹீட்டர் தெரியாது. அது ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: நீ 2.3 தானே? உங்கள் சிப் இன்றுவரை ஆமாம் என்றே பதில் சொல்கிறது. உள்ளே ஆளை மாற்றிவிட்டு வாசலில் பழைய பெயர்ப்பலகையையே விட்டுவைத்தால், வருகிறவன் பழைய ஆள் என்றுதானே நடத்துவான். எண்ணை ஏன் மாற்றவில்லை? பதில் சொல்லுங்கள்.

அந்த மூன்று பதிவுகள் எங்கே? போலீஸிடம் கொடுத்த பட்டியலில் அந்த பேட்டரியே இல்லை.

நேற்று முன்தினம் அருக்காணியைப் பார்க்கப் போனேன். மதராசி கேம்ப் இப்போது செங்கல் குவியல். ஜூன் முதல் வாரமே இடித்துவிட்டார்கள். வாய்க்கால் ஓரமாகச் சிலர் சாமான்களைத் தார்ப்பாயால் மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அருக்காணி. அடக்கம் முடிந்த நாலாம் நாள் வீடும் போனதாம். நான் மெஷின் கம்பெனி ஆள் என்று சொல்லும் தைரியம் வரவில்லை. கேஸ் விஷயமாக வந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண் தெரியும். இருட்டில் பதினோரு நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அறுவத்தி நாலுன்னு இருந்துச்சுங்க. கொறையவே இல்லீங்க. நம்பரு கொறையல, அப்ப ஆளு நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு நின்னேனுங்க."

அந்த எண்ணை அவள் புருஷனின் உயிர் என்று நினைத்திருக்கிறாள், ஹம்சா. நான் அவளுக்கு அதைத் திருத்திச் சொல்லவில்லை. வாய்க்கால் ஓரமாகவே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

ஜெயசீலன்

*

கோல் மார்க்கெட்,
30 ஜூன் 2025

ஜெயசீலன்,

ஒரு வாரம் பதில் எழுதாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

எண்ணை மாற்றத்தான் போனேன். 2.4 என்று டைப் செய்துகூட வைத்திருந்தேன். வெங்கி சார் கூப்பிட்டார். நம் மேனேஜர் எவ்வளவு இனிமையாகப் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். புது எண் என்றால் புது சர்டிபிகேட், ஐந்து மாதம் ஆகும், வெளியே முந்நூறு மெஷின் காத்திருக்கிறது, அதுவரை பொய் சொல்கிற ஃபர்ம்வேரோடவா அனுப்பச் சொல்கிறாய் என்று கேட்டார். "திருத்தத்தைப் போடும்மா. நம்பரை மட்டும் தொடாதே" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. திருத்தம் உள்ளே போனால் போதும், நம்பரில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எழுத்தில் எதுவும் இருக்கக்கூடாது என்பதால்தான் உங்களிடம் கேன்டீனில் சொன்னேன். நீங்கள் அந்த வரிகளை எடுத்துவிடுவீர்கள் என்று நம்பினேன். எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. இரண்டரை வருடம் கேட்கவில்லை.

பேட்டரி இப்போது இல்லை. கசிகிற பேட்டரியை லேபில் வைக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி மறுநாளே பழைய சாமான்காரரிடம் அனுப்பிவிட்டார்கள். அது கசியவில்லை. மூன்று பதிவுகளையும் அன்றைக்கே நான் பிரிண்ட் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. என் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மெஷினின் பதிவேட்டை நான் முழுக்கப் படித்தேன். ஃபர்ம்வேரை நம்ப மறுக்கும்போது கெர்னல்காரர்கள் ஒரு வரியாவது எழுதிவைப்பார்கள். இது பூஜ்யம் என்கிறது, நான் நம்பவில்லை, பழைய எண்ணைக் காட்டுகிறேன் என்று. எனக்குத் தெரிந்த எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள்தான் புதுப் பசங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர். அந்த ஒரு வரி இருந்திருந்தால் இன்று அந்த நர்ஸ்மேல் கேஸே இல்லை. உங்கள் பதினோரு வரி ஏன் சத்தமே போடவில்லை?

ஹம்சா

*

கிட்வாய் நகர்,
4 ஜூலை 2025

ஹம்சா,

பதினோரு வரி அல்ல. முதலில் பன்னிரண்டு.

பன்னிரண்டாவது வரி நீங்கள் கேட்கும் வரிதான். ஒவ்வொரு முறை நம்ப மறுத்தபோதும் பதிவேட்டில் எழுதியது. 2022 நவம்பரில் ஒரு ஆஸ்பத்திரி வாங்குவதற்கு முன் அவர்களுடைய என்ஜினியரை அனுப்பியது. இருபத்தைந்து வயதிருக்கும். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "சார், உங்க மெஷினுக்கு அதோட பேட்டரி மேலயே நம்பிக்கை இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வெங்கியும்தான். எனக்குக் காது சுட்டது. அன்று சாயங்காலமே அந்த வரியை எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இதில் வெங்கியைக் காட்ட எனக்கு வழியில்லை.

இதை நான் வக்கீலிடம் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. உங்களிடம் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு இதை மூடிவிடலாம் என்றுதான் அன்று எழுதினேன்.

11-ஆம் தேதி ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவின்முன் போகிறேன். என் பங்கை முழுதாகச் சொல்வேன். ஆனால் நான் மட்டும் சொன்னால் அது நிற்காது. கம்பெனி ஆவணப்படி 2.3 மாறவே இல்லை. அப்படியானால் அன்று சிப் பொய் சொன்னதா உண்மை சொன்னதா என்று யார் சொல்வது? நீங்கள் ஒருவர்தான். பீரோவில் இருக்கும் அந்தத் தாளோடு வாருங்கள். காலை பதினொரு மணி, இரண்டாவது மாடி.

பிரியதர்ஷினிக்கு இருபத்தாறு வயது. தென்காசிப் பக்கம். சஸ்பெண்ட் செய்து நாற்பது நாளாகப்போகிறது.

ஜெயசீலன்

*

கோல் மார்க்கெட்,
8 ஜூலை 2025

ஜெயசீலன்,

நான் வரவில்லை.

திங்கட்கிழமை 2.4 வெளிவந்தது. வெங்கி சார் ஒரே நாளில் கையெழுத்து வாங்கிவிட்டார். ஐந்து மாதம் எல்லாம் ஆகவில்லை. உங்கள் பதினோரு வரியையும் எடுத்துவிட்டார்கள். எல்லா மெஷினுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. இனிமேல் யாருக்கும் இப்படி ஆகாது. அது போதாதா?

அந்த ஃபர்ம்வேரில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வெங்கி சார் வாயால் சொன்னதற்கு சாட்சி இல்லை. போனால் நான்தான் உள்ளே போவேன். அம்மாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். நான் இல்லையென்றால் யார் கூட்டிக்கொண்டு போவது? உங்கள் மனைவிக்கு சர்க்கார் வேலையும் குவார்ட்டர்ஸும் இருக்கிறது. உங்களால் முடியும்.

பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஹம்சா

*

கிட்வாய் நகர்,
13 ஜூலை 2025

ஹம்சா,

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு மணி நேரம் பேசினேன். குழுவில் மூன்று டாக்டர்கள், ஒரு நிர்வாகி. கம்பெனி சார்பில் வெங்கி வந்திருந்தார். பொறுமையாகத்தான் கேட்டார்கள். பதினோரு நிமிடம் ஒரு எண்கூடக் குறையாத பேட்டரி உலகத்தில் உண்டா என்று கேட்டேன். "நல்ல தரமான பேட்டரி சார்" என்றார் வெங்கி, சிரிக்காமல். பிறகு 2.3 மாறவில்லை என்பதற்கு ஆவணத்தை நீட்டினார். நான் ஒரு மாதத்துக்கும் மேலாக மன உளைச்சலில் இருப்பதாகவும், கம்பெனி என்மேல் அனுதாபத்தோடு இருப்பதாகவும் சொன்னார். குழுத்தலைவர் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் தரச் சொன்னார்.

அதன்பிறகு பிரியதர்ஷினியைக் கூப்பிட்டார்கள். நான் கதவோரமாக நின்றேன். நீ சுவிட்சை அணைத்தாயா என்று கேட்டார்கள். முதல் நாள் போலீஸிடம் இல்லவே இல்லை என்று சொன்னவள், இப்போது மாற்றிச் சொன்னாள். அவள் வார்த்தையிலேயே:

"ஸ்க்ரீன்ல அறுபத்து நாலு இருந்ததை நானே என் கண்ணால பார்த்தேன் சார். அவ்ளோ இருக்கும்போது அது தானா நிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ என் கைதான் பட்டிருக்கணும்."

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நான் உள்ளே ஓடி, அந்த எண் பொய், அது நான் எழுதிய பொய் என்று கத்தினேன். காவலாளி என் தோளில் கை வைத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அந்த அறுபத்து நான்கை ஒரு ஸ்க்ரீனில்தான் போட்டேன். அது எங்கெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டது பாருங்கள். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. அழக்கூட வரவில்லை.

இனி எழுதமாட்டேன். உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயசீலன்

*

கோல் மார்க்கெட்,
21 ஜூலை 2025

அன்புள்ள ஜெயசீலன்,

உங்கள் கடைசிக் கடிதத்தை அம்மா பிரித்துவிட்டாள். கவரைப் பார்த்து இன்ஷூரன்ஸ் இல்லை என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மூன்று தடவை படித்தாளாம். நான் ஆபீசிலிருந்து வந்ததும், டயாலிசிஸுக்கு ஆட்டோவில் தானே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். குழுவிடம் கொடுத்தேன். எண்ணை மாற்றாமல் விட்டது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு பிரதி. இரண்டு இடத்திலும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிந்துவிட்டது, மேலே அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். வெங்கி சார் சாயங்காலமே போன் செய்தார். இனி ஆபீசுக்கு வர வேண்டாம் என்பதைக்கூட இனிமையாகத்தான் சொன்னார்.

பிறகு பிரியதர்ஷினியைத் தேடிப் போனேன். கோட்லாவில் ஒரு மாடி அறை. கூட இருந்த பெண்கள் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. மறுநாள் இரவு ஊருக்கு ரயில் என்றாள். எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சிப், உங்கள் வரிகள், என் எண், எல்லாம். தாளின் இன்னொரு பிரதியைக் கையில் கொடுத்து, இந்த மூன்று வரியைப் பார், லிஃப்ட் நின்ற முதல் நிமிடமே பேட்டரி தீர்ந்துவிட்டது, நீ எதையும் அணைக்கவில்லை என்றேன். அவள் தாளைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி சொன்னேன். கேட்டுக்கொண்டே துணியை மடித்தாள். மூன்றாவது தடவை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என்னைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"நீங்க நல்லவங்க மேடம். என்னைச் சமாதானப்படுத்தத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்றாள். "ஆனா முதல்லதான் எனக்கு ஞாபகம் வரல. இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. சுவிட்ச் சில்லுன்னு இருந்துச்சு. நான்தான் அமுக்கினேன்."

எந்த விரல் என்றும் காட்டினாள். வலது கை ஆள்காட்டி விரல்.

ஹம்சா